நிலம் மலிவு, நீர் யாருடையது? தற்சார்புப் பண்ணைக்கு மூன்று அமெரிக்கக் கவுண்டிகள்

அமெரிக்காவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தமிழர்கள் கூடும் இடங்களில் சில ஆண்டுகளாக ஒரே பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. நகரத்துக்கு வெளியே பத்து இருபது ஏக்கர் வாங்க வேண்டும். கோழி, காய்கறித் தோட்டம், சொந்தக் கிணறு, கூரையில் சூரிய மின்சாரம், அறை நிறைய அரிசி பருப்பு. 2020 மார்ச்சில் கடைகளின் அலமாரிகள் காலியாகக் கிடந்ததையும், 2021 பிப்ரவரியில் டெக்சஸில் லட்சக்கணக்கான வீடுகள் உறைபனியில் மின்சாரமின்றி விறைத்ததையும் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயற்கை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேச்சு எப்போதும் "எந்த மாநிலம் நல்லது?" என்பதோடு நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்வி போதாது. நிலப் பதிவு, சொத்து வரி, மண் சாலைப் பராமரிப்பு, கட்டட அனுமதி, ஷெரிஃப், 911 அழைப்பை எடுப்பவர் என்று அன்றாடத்தில் உங்களைத் தொடும் பெரும்பாலானவை, நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியான கவுண்டியின் கையில் இருக்கின்றன. அமெரிக்காவில் 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. ஒரே மாநிலத்தில் அடுத்தடுத்த இரண்டு கவுண்டிகளில் ஒன்று கோழிக்கூட்டுக்கும் அனுமதி கேட்கும். மற்றது நீங்கள் மண்ணால் வீடு கட்டினாலும் எட்டிப் பார்க்காது.

1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கரை ஏறத்தாழ இலவசமாகத் தந்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அந்தச் சட்டம் 1976-ல் நீக்கப்பட்டது. அலாஸ்காவில் மட்டும் 1986 வரை ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது "இலவச நிலம்" என்று யாராவது காணொளி போட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எனவே தேர்வு முக்கியம்.

இங்கே மூன்று கவுண்டிகளை எடுத்துக்கொள்கிறேன்: கொலராடோவின் கோஸ்டில்லா, வட கரோலைனாவின் யான்சி, மிசூரியின் டெக்சஸ் கவுண்டி. மூன்றும் மூன்று ஆசைகளின் முகவரிகள். முதலாவது மிக மலிவான நிலம். இரண்டாவது மலை, சுனை, பசுமை. மூன்றாவது யாரும் கேள்வி கேட்காத சட்டச் சூழல். மூன்றையும் இரண்டு தராசில் நிறுக்க வேண்டும். அங்கே விளைவித்து வாழ முடியுமா என்பது ஒன்று. கெட்ட நாள் வந்தால் அங்கே தாக்குப்பிடிக்க முடியுமா என்பது மற்றொன்று. முதல் தராசில் கனமாக நிற்கும் அதே குணம் இரண்டாவதில் காலை வாரிவிடுவதுதான் இந்த விஷயத்தின் சிக்கல்.

வரைபடம் காட்டாதது

நிலம் தேடுபவர்கள் முதலில் திறப்பது, ஃபீமா என்ற மத்திய பேரிடர் மேலாண்மை அமைப்பு வெளியிட்ட தேசிய அபாயக் குறியீட்டு வரைபடத்தை. 18 வகை இயற்கைச் சீற்றங்களைக் கணக்கிட்டு ஒவ்வொரு கவுண்டிக்கும் அது மதிப்பெண் தருகிறது. பயனுள்ள வேலைதான். ஆனால் அந்த மதிப்பெண்ணின் அடிப்படை, ஓராண்டில் எதிர்பார்க்கப்படும் இழப்பின் டாலர் மதிப்பு. கட்டடம், பயிர், மனித உயிர் எல்லாவற்றையும் டாலராக்கிக் கூட்டுகிறார்கள். ஆட்களும் கட்டடங்களும் குறைந்த கவுண்டியில் இழப்பதற்கு அதிகமில்லை. ஆகவே வரைபடத்தில் அது குளுகுளுவென்று நீலமாகத் தெரியும். லாஸ் ஏஞ்சலிஸ் சிவப்பு. இதைப் பார்த்துவிட்டு "நீல கவுண்டி பாதுகாப்பானது" என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. அரசாங்கத்தின் நிதி ஒதுக்கீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். காட்டு ஓரத்தில் தனியாக நிற்கும் உங்கள் ஒற்றை வீட்டுக்குப் பொருந்தாது.

அதைவிட வேளாண் துறையின் மண் ஆய்வு வரைபடம் நேர்மையானது. குறிப்பிட்ட அந்தப் பத்து ஏக்கரில் மண் எத்தனை அங்குல ஆழம், தண்ணீர் வடியுமா, செப்டிக் டேங்க் போட முடியுமா என்பதையெல்லாம் அது சொல்லிவிடும். இலவசம் வேறு. நிலத்தரகரின் புகைப்படங்களைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

கோஸ்டில்லா: தண்ணீர் இருக்கிறது, உங்களுக்கு இல்லை

கொலராடோவின் தெற்கு எல்லையில் நியூ மெக்சிகோவை ஒட்டி, சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் இருக்கிறது கோஸ்டில்லா. பள்ளத்தாக்கு என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். தரைமட்டமே கடலிலிருந்து ஏறத்தாழ 8,000 அடி. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 3,500. ஐந்து ஏக்கர் மனை சில ஆயிரம் டாலருக்கு, மாதத் தவணையில்கூட, இணையத்தில் கிடைக்கும். இத்தனை துண்டு மனைகள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பத்திரிகை அதிபர் மால்கம் ஃபோர்ப்ஸ் 1969-ல் இங்கே பெரும் பண்ணை ஒன்றை வாங்கி, அதில் ஒரு பகுதியைச் சிறு மனைகளாக வெட்டி, நாடெங்கும் விளம்பரம் செய்து விற்றார். மற்றவர்களும் அதே வழியில் இறங்கினார்கள். நிலத்தை நேரில் பார்க்காமலே வாங்கியவர்கள் ஏராளம். அவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் விற்கும் மனைகள்தான் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

வெயிலுக்குக் குறைவில்லை, சூரிய மின்சாரத்துக்கு இதைவிட நல்ல இடம் அபூர்வம். ஆனால் பள்ளத்தாக்கின் தரையில் ஆண்டு மழை ஏழெட்டு அங்குலம்தான். உறைபனி இல்லாத நாட்கள் சுமார் மூன்று மாதம். பக்கத்து ஊரான அலமோசாவில் ஜனவரி இரவுகள் மைனஸ் 20 செல்சியஸை ஒட்டி நிற்கும். உருளைக்கிழங்கு நன்றாக வருகிறது, பட்டாணி வருகிறது, கினோவாகூடப் பயிரிடுகிறார்கள். வெண்டையும் சுரையும் பசுமைக்குடில் இல்லாமல் தேறாது.

இதெல்லாம் உழைப்பால் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது சட்டம். மேற்கு மாநிலங்களில் தண்ணீர் நிலத்தோடு சேர்ந்து வருவதில்லை. யார் முதலில் எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கினார்களோ அவர்களுக்கே முன்னுரிமை. கொலராடோ இதில் மிகக் கறார். தன் கூரையில் விழும் மழையைப் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் 2016 வரை சட்டப்படி பிடித்துவைக்க முடியாது. அந்த ஆண்டு வந்த சட்டம் இரண்டு பீப்பாய்களை அனுமதித்தது, மொத்தம் 110 கேலனுக்குள். நம் கணக்கில் சுமார் 416 லிட்டர். கிணறு தோண்டலாமா? தோண்டலாம். ஆனால் 35 ஏக்கருக்குக் குறைந்த மனைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் கிடைப்பது பெரும்பாலும் வீட்டுக்குள் மட்டும் புழங்குவதற்கான அனுமதி. குடிக்கலாம், குளிக்கலாம், சமைக்கலாம். அதே கிணற்றுத் தண்ணீரைக் கத்தரிச் செடிக்கு ஊற்றினால் விதிமீறல். ஆட்டுக்குக் காட்டினாலும் அப்படியே. 35 ஏக்கரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ஏக்கர் வரை தோட்டத்துக்குப் பாய்ச்சவும் கால்நடைக்கு விடவும் இடமுண்டு.

அதாவது ஐந்து ஏக்கர் வாங்கித் தற்சார்பாக வாழலாம் என்று விளம்பரத்தை நம்பி வருபவர், கிணற்று நீரில் சட்டப்படி ஒரு கீரைப்பாத்திகூடப் போட முடியாத நிலத்தை வாங்குகிறார். விளம்பரம் இதைச் சொல்வதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே கவுண்டியில் நூற்றெழுபது ஆண்டுகளாக நிம்மதியாக விவசாயம் செய்பவர்கள் இருக்கிறார்கள். 1851-ல் எழுந்த சான் லூயிஸ், கொலராடோவின் மிகப் பழைய ஊர். அதன் மக்கள் வாய்க்காலுக்கு 1852-ம் ஆண்டு உரிமை. மாநிலத்திலேயே மூத்த பாசன உரிமை அதுதான். அசேக்கியா என்று அழைக்கப்படும் இந்தப் பொது வாய்க்கால்களில் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட ஒரு மேற்பார்வையாளரை ஊரே தேர்ந்தெடுக்கும். நம் ஏரிப் பாசனத்து நீர்க்கட்டியின் வேலைதான் அவருக்கு. வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். மெக்சிகோ ஆட்சிக் காலத்தில், 1844-ல் தரப்பட்ட மானிய நிலத்தில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். அந்த மலையில் மாடு மேய்க்கவும் விறகு வெட்டவும் தங்கள் முன்னோருக்கு இருந்த உரிமையைப் பல ஆண்டுகள் வழக்காடி 2002-ல் கொலராடோ உச்ச நீதிமன்றத்தில் மீட்டார்கள். புதிதாக மனை வாங்கும் உங்களுக்கு அந்த மேய்ச்சலும் கிடையாது, விறகும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. ஒரே கவுண்டி, இரண்டு உலகம். வாய்க்கால் பாசன உரிமையோடு ஒரு பழைய வயல் விற்பனைக்கு வந்தால் அது வேறு பேச்சு. அது ஐந்து ஏக்கர் மனை விலைக்கு வராது.

கிணறு தோண்டப் பணமில்லாதவர்கள் ஊரிலிருந்து தொட்டியில் தண்ணீர் ஏற்றி வந்து நிலத்தடித் தொட்டியில் ஊற்றிக்கொள்கிறார்கள். கெட்ட நாளுக்கான தராசில் கோஸ்டில்லா தோற்பது இங்கேதான். புயல் கிடையாது, டோர்னடோ என்ற சுழல்காற்று அபூர்வம், கூட்டம் இல்லை. "ஆபத்துக்காலத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வேண்டும்" என்பவர்களுக்கு இது சொர்க்கமாகத் தெரியும். ஆனால் பனியில் சாலை மூடி, லாரி வரவில்லை என்றால் உங்கள் கையிருப்பு தொட்டியில் மிச்சம் இருக்கும் அளவுதான். 2018 கோடையில் ஸ்பிரிங் கிரீக் தீ இந்தக் கவுண்டியிலும் பக்கத்துக் கவுண்டியிலுமாக ஒரு லட்சத்து எட்டாயிரம் ஏக்கரை எரித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. மருத்துவமனை 40 மைல் தள்ளி அலமோசாவில். செப்டிக் டேங்க் இல்லாமல் கேம்பர் வண்டியில் குடியிருந்தவர்கள் மீது 2015 வாக்கில் கவுண்டி நிர்வாகம் கெடுபிடியைத் தொடங்கி, பெரும் சச்சரவானது. எனவே சட்டம் தளர்வான இடம் என்ற பழைய புகழையும் நம்ப வேண்டாம்.

யான்சி: ஊற்றும் உண்டு, ஊழியும் உண்டு

யான்சி நேர்மாறு. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உயர்ந்த சிகரமான மிட்செல் மலை, 6,684 அடி, இந்தக் கவுண்டியில் இருக்கிறது. தலைநகர் பர்ன்ஸ்வில். சரிவுக்குச் சரிவு சுனை. மேட்டில் ஓர் ஊற்றைக் கண்டுபிடித்துக் குழாய் பதித்தால் மோட்டாரே இல்லாமல் வீட்டுக்குத் தண்ணீர் இறங்கும். மின்சாரம் போனாலும் குழாய் நிற்காது. ஆப்பிள், சோளம், அவரை, உருளை, காட்டுத்தேன் என்று மலைக்குடிகள் தலைமுறைகளாகக் கற்ற கைத்தொழில்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கோஸ்டில்லாவில் இல்லாத எல்லாமே இங்கே இருக்கிறது.

சவுத் டோ ஆற்றின் கரையில் சீலோ என்று ஒரு சமூகம் இருக்கிறது. நிலம் தனியாருக்குச் சொந்தமல்ல, சமூகத்துக்குச் சொந்தம். உறுப்பினர்கள் உழுது குடியிருக்கலாம். 1937-ல் இதைத் தொடங்கிவைத்தவர் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவரான ஆர்தர் மோர்கன். இதே மோர்கன்தான் 1948-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் இந்தியா அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் லட்சுமணசாமி முதலியாரோடு உறுப்பினராக இருந்தவர். கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்ததில் அவருடைய கை உண்டு. தற்சார்பு என்றாலே தனிக்குடித்தனம் என்று நினைப்பவர்கள் சீலோவை ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

2024 செப்டம்பர் வரை மேற்கு வட கரோலைனாவைப் பருவநிலை மாற்றத்திலிருந்து தப்பிக்கும் புகலிடம் என்று எழுதினார்கள். கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் உள்ளே, உயரமான இடம், மிதமான வெயில். செப்டம்பர் 26 இரவு ஃப்ளோரிடாவில் கரையேறிய ஹெலீன் புயல் மறுநாள் காலையில் இந்த மலைகள் மேல் வந்து நின்றது. யான்சி கவுண்டியின் பியூசிக் என்ற இடத்தில் அந்தச் சில நாட்களில் 30 அங்குலத்துக்கு மேல் மழை பதிவானது, 78 சென்டிமீட்டர். மேற்கு வட கரோலைனாவையும் அண்டை மலைகளையும் சேர்த்து ஏறத்தாழ 2,000 நிலச்சரிவுகள். மாநிலத்தில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடக்கே டென்னசிக்குப் போகும் ஐ-26 நெடுஞ்சாலையின் பாலங்கள் நொலிசக்கி ஆற்றில் போயின. மேற்கே ஐ-40 பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இடிந்து, 2025 மார்ச்சில்தான் திசைக்கு ஒரு தடமாகத் திறந்தது. பக்கத்து நகரமான ஆஷ்வில்லில் குழாய்த் தண்ணீர் மீண்டும் குடிக்கத் தகுந்ததாக அறிவிக்கப்பட்ட நாள் நவம்பர் 18.

இந்தத் தேதிகளை அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. எந்த ஆயத்தம் உதவியது, எது உதவவில்லை என்று ஒரு கவுண்டியே பரீட்சை எழுதிக் காட்டிய அரிய நிகழ்வு இது. ஆற்றங்கரைச் சமதளம், அதாவது மலைநாட்டில் நல்ல மண் உள்ள ஒரே இடம், அடித்துச் செல்லப்பட்டது. மோட்டார் வேண்டாத சுனைகள் சில சேற்றில் புதைந்தன, சில கலங்கின. முகட்டில் இருந்த வீடுகள் நின்றன. ஆனால் அவற்றுக்குப் போகும் ஒற்றைப் பாதையும் ஓடையைக் கடக்கும் சொந்தப் பாலமும் இல்லாமல் போயின. சொந்தப் பாலத்தை அரசு வழக்கமாகக் கட்டித் தராது, சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் நிலச்சரிவும் சேராது, அந்த மலைகளில் வெள்ளக் காப்பீடு எடுத்திருந்தவர்கள் மிகச் சிலர். கைப்பேசிக் கோபுரங்கள் வீழ்ந்த நாட்களில் மிட்செல் மலையில் இருந்த ஹாம் ரேடியோ என்ற ஆர்வலர் வானொலியின் மறுஒலிபரப்பி, 145.190 மெகாஹெர்ட்ஸில், இரவும் பகலும் செய்திகளைக் கடத்தியது. சாலை இல்லாத இடங்களுக்குக் கோவேறு கழுதைகள் மருந்தும் உணவும் சுமந்தன. தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களும் தேவாலயங்களும்தான் முதல் நாட்களின் அரசாங்கம்.

ஒரு வருடத்து அரிசி வைத்திருந்தவரை விட, மரம் அறுக்கும் இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரும் உள்ளவர் அந்த வாரத்தில் பணக்காரர்.

இதனால் யான்சியை ஒதுக்கிவிட வேண்டுமா? ஒதுக்க மாட்டேன். இதற்கு முந்தைய பெருவெள்ளமாக அந்தப் பகுதி நினைவில் வைத்திருந்தது 1916 ஜூலை. இரண்டு ஊழிகளுக்கு நடுவே நூற்றெட்டு ஆண்டுகள். அடுத்ததும் அத்தனை ஆண்டு பொறுத்துத்தான் வரும் என்று யாரும் எழுதித் தர முடியாது என்பது வேறு. விழுந்துகிடக்கும் மரங்கள் காய்ந்து தீக்குத் தீனியாவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2025 மார்ச்சில் தெற்கே போல்க் கவுண்டியில் எரிந்த காட்டுத்தீக்கு ஹெலீன் சாய்த்த மரங்கள் ஒரு காரணம். ஏக்கருக்கு 10,000 டாலரைத் தாண்டும் விலை சாதாரணம். மாநிலம் முழுவதற்கும் பொதுவான கட்டட விதிகள் உண்டு, அனுமதி வாங்கியாக வேண்டும். பணமும் பொறுமையும் இருந்து, வெள்ள மட்டத்துக்கு மேலே, நிலச்சரிவு வரைபடத்தில் தப்பிய, இரண்டு பக்கமும் வெளியேற வழியுள்ள சரிவு கிடைத்தால் வாங்கலாம். அப்படிப்பட்ட நிலம் விற்பனைக்கு வருவது அரிது.

டெக்சஸ் கவுண்டி, மிசூரி: எதிலும் முதலிடம் இல்லை

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இது மிசூரியில், ஓசார்க் மேட்டுநிலத்தில் இருக்கிறது. அதன் தலைநகருக்குப் பெயர் ஹூஸ்டன், இரண்டாயிரம் பேர் வாழும் சிற்றூர். தேடுபொறியில் போட்டால் டெக்சஸ் மாநிலத்துப் பெருநகரம் வந்து நிற்கும்; "மிசூரி" என்று சேர்த்துத் தேடுங்கள். பரப்பளவில் மாநிலத்தின் மிகப் பெரிய கவுண்டி. மக்கள் 24,500 பேர்.

இங்கே எதுவும் பிரமாதமில்லை. மண் மெல்லியது, அமிலத்தன்மை கொண்டது, மண்வெட்டியைப் போட்டால் கல்லில் மோதும். காய்கறிக்கு மேட்டுப்பாத்தி கட்டி, சாணமும் சுண்ணாம்பும் போட்டு இரண்டு மூன்று வருடம் மண்ணை உருவாக்க வேண்டும். ஆனால் ஆண்டு மழை சுமார் 45 அங்குலம். ஏப்ரல் பிற்பாதியிலிருந்து அக்டோபர் நடு வரை, ஆறு மாதம் போல, உறைபனி இல்லை. ஜூலை வெக்கை நம் ஊரை நினைவூட்டும் அளவுக்கு ஈரமானது. வெண்டை, பாகல், கத்தரி, மிளகாய், காராமணி எல்லாம் கொழுத்து வளரும். முருங்கை மட்டும் குளிர்காலத்தில் செத்துவிடும். தொட்டியில் வைத்து உள்ளே தூக்கினால் உண்டு.

தண்ணீர்ச் சட்டம் கோஸ்டில்லாவுக்கு நேர் எதிர். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆட்டுக்கும் சேர்த்து ஒரே கிணறு. உரிமம் பெற்றவர் முறைப்படி தோண்டிப் பதிவு செய்தால் போதும். நாளைக்கு ஒரு லட்சம் கேலன் இறைக்கும் திறனுள்ளவர்தான் மாநிலத்திடம் பெரும் பயனாளியாகப் பதிய வேண்டும். மழைநீரை எத்தனை பீப்பாயிலும் பிடிக்கலாம். நகர எல்லைக்கு வெளியே கவுண்டி அளவில் மண்டல விதியோ கட்டட அனுமதியோ இல்லாத ஓசார்க் கவுண்டிகளில் இதுவும் ஒன்று. மூன்று ஏக்கருக்குக் குறையாத மனையில் தனி வீட்டுக் கழிவுநீர் உங்கள் எல்லைக்குள்ளேயே அடங்குமானால் மாநில அனுமதியும் தேவையில்லை. இந்தச் சுதந்திரம் பக்கத்து நிலத்துக்காரருக்கும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். அவர் நாளைக்குப் பன்றிப்பண்ணை வைத்தால் நீங்கள் கேட்க முடியாது. ஓசார்க்கின் அடித்தளம் ஓட்டைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. மேலே யாரோ குழியில் கொட்டியது கீழே உங்கள் கிணற்றில் எட்டிப் பார்க்கும். ஆண்டுக்கு ஒருமுறை கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புவது இங்கே கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கெட்ட நாட்களின் பட்டியல் இங்கே நீளமானது. டோர்னடோ உண்டு, 2011-ல் மாநிலத்தின் தென்மேற்குக் கோடியில் ஜாப்லின் நகரை அழித்தது நினைவிருக்கும். 2007 ஜனவரியில் உறைமழை தென்மேற்கு மிசூரியில் மின்கம்பிகளை வீழ்த்தி, சில இடங்களில் இரண்டு வாரம் இருட்டாக்கியது. 2017 ஏப்ரல் இறுதியில் தெற்கு மிசூரி ஆறுகள் வரலாறு காணாத அளவுக்குப் பொங்கின. தெற்கே ஒட்டியிருக்கும் ஹாவெல் கவுண்டியின் வெஸ்ட் பிளெய்ன்ஸ் நகருக்குள் வெள்ளம் புகுந்தது. மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் 1811-12ல் பெரும் நிலநடுக்கங்களை உண்டாக்கிய நியூ மாட்ரிட் பிளவு இருக்கிறது.

ஆனால் இந்த ஒவ்வொன்றையும் உற்றுப் பாருங்கள். டோர்னடோவுக்கு நிலத்தடி அறை ஒன்று போதும். அது தாக்கும் பாதை குறுகியது, அடுத்த கவுண்டிக்காரர் உதவிக்கு வர முடியும். உறைமழைக்கு விறகு அடுப்பும் இரண்டு வார உணவும் கைவிசைப் பம்பும். வெள்ளம் பள்ளத்தில் ஓடும். மேட்டில் வீடு இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம். யு.எஸ். 63 நெடுஞ்சாலை தெற்கு வடக்காகவும் யு.எஸ். 60 கிழக்கு மேற்காகவும் கவுண்டி வழியாகப் போகின்றன. ஒன்று அடைபட்டால் மற்றொன்று. யான்சியில் எல்லா வழியும் ஒரே நாளில் போனது. கோஸ்டில்லாவில் தண்ணீர் வண்டி நின்றால் மாற்று இல்லை. இங்கே ஒன்று உடைந்தாலும் மற்றவை நிற்கின்றன. அதனால்தான் என் தேர்வு இந்தச் சுமாரான கவுண்டி.

உண்மையான தொல்லை உண்ணி. கேலியாகச் சொல்லவில்லை. லோன் ஸ்டார் என்ற வகை உண்ணி கடித்தால் சிலருக்கு மாடு, பன்றி, ஆட்டு இறைச்சிக்கு ஒவ்வாமை வந்துவிடுகிறது. சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்வதில்லை. ஆல்ஃபா-கால் நோய்க்குறி என்கிறார்கள், மிசூரி அதன் மையப் பகுதிகளில் ஒன்று. ஆடு வளர்க்கப் போன இடத்தில் ஆட்டுக்கறி சாப்பிட முடியாமல் போவது விதியின் குறும்பு. கோழியும் மீனும் தப்பித்துக்கொள்கின்றன. கினிக்கோழி உண்ணியைத் தின்றுவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதை மட்டும் நம்பிக் குழந்தைகளைப் புல்லில் விட வேண்டாம். காற்சட்டையில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிப்பது இதைவிட நம்பகமான வழி.

மனிதர்கள் விஷயத்தையும் மறைக்கக் கூடாது. டெக்சஸ் கவுண்டியிலும் யான்சியிலும் பெரும்பாலோர் வெள்ளையர், தேவாலயம்தான் ஊரின் நடுக்கூடம். கோஸ்டில்லாவில் பாதிக்கு மேல் ஸ்பானிய மரபினர். எங்கே போனாலும் உங்கள் வீடுதான் அங்கே ஒரே தமிழ் வீடாக இருக்கும். உள்ளே நுழைய நான் கண்ட நல்ல கதவு தன்னார்வத் தீயணைப்புப் படை. ஆள் பற்றாக்குறை எப்போதும் இருப்பதால் உங்கள் நிறத்தைவிட உங்கள் கைகளை முதலில் பார்ப்பார்கள். இன்னொரு லாபம் உண்டு: தீயணைப்பு நிலையத்திலிருந்து ஐந்து மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் வீட்டுக்குக் காப்பீட்டுத் தொகை எகிறும், சில நிறுவனங்கள் தரவே மாட்டா. நிலத்தை முடிவு செய்யும் முன் அந்த மைல்களை அளந்துவிடுங்கள். மேற்கே வெப்ஸ்டர் கவுண்டியின் சீமோரைச் சுற்றி நவீன இயந்திரங்களைப் பெரும்பாலும் தவிர்த்து வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவ மக்களின் பெரிய குடியிருப்பு ஒன்று இருக்கிறது; குதிரைக் கலப்பை முதல் கைவினை மரச்சாமான் வரை அங்கே கற்றுக்கொள்ளவும் வாங்கவும் நிறைய உண்டு.

கிரீன் கார்டு இன்னும் வராதவர்களுக்கு ஒரு குறிப்பு. எச்-1பி விசாவில் இருப்பவர் நிலம் வாங்குவதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆனால் விவசாய நிலமாக இருந்து, பத்து ஏக்கரைத் தாண்டினாலோ ஆண்டு விற்பனை 1,000 டாலரைத் தாண்டினாலோ, 1978-ம் ஆண்டுச் சட்டப்படி வாங்கிய 90 நாட்களுக்குள் வேளாண் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் நிலத்தின் மதிப்பில் கால் பங்கு வரை போகலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. மாநிலங்கள் தனியாக விதிக்கும் கட்டுப்பாடுகள் அண்மை ஆண்டுகளில் வேகமாக மாறிவருவதால், பதிவுக்கு முன் அந்த மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் செலவிடுவது நல்லது.

என் தேர்வு மாறக்கூடிய சூழ்நிலைகளும் உண்டு. வயதான பெற்றோர் உடன் இருந்து, அடிக்கடி இதய மருத்துவரையோ டயாலிசிஸ் மையத்தையோ தேட வேண்டியிருந்தால் ஹூஸ்டன் சிற்றூரின் சிறு மருத்துவமனை போதாது. வடக்கே ராலா நகரை ஒட்டிய ஃபெல்ப்ஸ் கவுண்டிக்குப் போய்விடுவேன். அங்கே பல்கலைக்கழகமும் பெரிய மருத்துவமனையும் உண்டு, மழையும் கல்லும் உண்ணியும் அதேதான், நிலம் சற்று விலை கூடும். கையில் பணம் குறைவு என்பதற்காக மட்டும் கோஸ்டில்லா பக்கம் சாய்பவர்கள், அந்த ஐந்து ஏக்கருக்கான பணத்தில் டெக்சஸ் கவுண்டியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் இருந்து பார்க்கலாம். வாடகைக்கு இருக்கும்போதே கிணறு தோண்டுபவர், செப்டிக் போடுபவர், விறகு விற்பவர் மூவரிடமும் பேசிவிடுங்கள். எந்த மேட்டில் எத்தனை அடியில் தண்ணீர், எந்தச் சாலை மழையில் முழுகும் என்பது தரகரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.